வாயுள்ள பிள்ளைதான் பிழைக்குமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். வேலையில் குறை கிடையாது. ஆனால் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்று மேனேஜர் குத்திக்காட்டுகிறார். அம்மாவோ, 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்கிறார். நாலு பேர் கூடிப் பேசினாலே எனக்குக் களைத்துவிடுகிறது. நான் மாறத்தான் வேண்டுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: சுபாவத்தையா? வேண்டாம்.

காந்தி, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்து பம்பாயில் ஒரு சின்ன வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்; தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள், என் 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதே ஆள் 1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். தாதா அப்துல்லா என்ற வியாபாரி இன்னொரு வியாபாரி மேல் போட்ட வழக்கு, 40,000 பவுண்டு, முழுக்க வியாபாரக் கணக்கு. காந்திக்கோ பற்று வரவே தெரியாது, 'பி. நோட்' என்றால் புராமிசரி நோட்டு என்பதையே குமாஸ்தாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்து, வழக்குக் காகிதங்களைக் கரைத்துக் குடித்த பிறகுதான், கட்சிக்காரர் பக்கம் பலமாக இருந்தாலும் வழக்கை இழுத்தால் வக்கீல் செலவிலேயே இரண்டு பேரும் அழிந்துபோவார்கள் என்பது அவருக்கு விளங்கியது, அதுவும் இருவரும் உறவுக்காரர்கள். மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லாதான் ஜெயித்தார். 37,000 பவுண்டை மொத்தமாகக் கேட்டால் எதிராளி திவால் என்று, தவணையில் வாங்கிக்கொள்ளவும் அவரையே ஒப்புக்கொள்ள வைத்தார்.

கூச்சம் வேறு, உங்கள் களைப்பு வேறு, சரிதான். ஆனால் அவரைக் காப்பாற்றிய அந்தப் படிப்பும் பொறுமையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே!

மேனேஜர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. நீங்கள் கண்டுபிடித்தது உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? மீட்டிங்குக்கு முதல் நாளே அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிடுங்கள்: எந்த பையரிடம் பணம் நிற்கிறது, எந்த பில் கெடு தாண்டிவிட்டது, எதை முதலில் துரத்த வேண்டும். அப்புறம் மீட்டிங்கில், 'நேற்று அனுப்பியதில் மூன்றாவது வரியைப் பாருங்கள் சார்' என்றால் போதும், மிச்சத்தை வாயுள்ளவர்கள் பேசிக்கொள்வார்கள். யாராவது தப்பான தொகையைச் சொன்னால் மட்டும் அங்கேயே குறுக்கிட்டுச் சொல்லிவிடுங்கள், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

மீட்டிங் முடிந்து எல்லோரும் டீக்குக் கிளம்பும்போது உங்கள் சீட்டிலேயே பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.