யார் எழுதிய வரி, யார் போட்ட காசு?

கேள்வி: பெரிய நிறுவனங்களின் பக்கம் போகாமல் தாமே பாடல்களை வெளியிடும் அமெரிக்க 'அண்டர்கிரவுண்ட்' ராப் கலைஞர்களின் பாட்டுதான் அசல், மற்றதெல்லாம் விற்பனைச் சரக்கு என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் நண்பர்கள் இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பாடகர் யாருடைய பணத்தில் இயங்குகிறார் என்பது ஒப்பந்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் பாடுவது அவருடையதுதானா என்பதைப் பாட்டைக் கேட்டும், நாலு இடத்தில் விசாரித்தும்தான் அறிய முடியும்.

1990களின் பிற்பகுதியில் நியூயார்க் அண்டர்கிரவுண்ட் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ராக்கஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஃப்ளோ குழுவின் 'ஃபன்க்ரஷர் பிளஸ்' 1997இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. வானொலிக்காரர்கள் தொடத் தயங்கும் கரடுமுரடான ஒலியும், ஒரே மூச்சில் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு அடர்ந்த வரிகளும் கொண்ட அந்த ஆல்பத்தின் முழக்கமே, தாங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பதுதான்; அதையும் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசைச்சொல்லோடு சேர்த்து அறிவித்திருந்தார்கள். மறு ஆண்டு மோஸ் டெஃப், தாலிப் குவேலி இருவரும் பிளாக் ஸ்டார் என்ற பெயரில் இணைந்து தந்த ஆல்பமும் ராக்கஸ் வெளியீடுதான். இத்தனைக்கும் அந்த நிறுவனத்தைத் தொடங்கப் பக்கபலமாக நின்றவர் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக். பிறகு அப்பாவின் நியூஸ் கார்ப்பரேஷனே அதை வாங்கிக்கொண்டது.

இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆல்பங்களைப் போலி என்று தள்ளிவிட முடியுமா? என்னால் முடியாது. மர்டாக் வீட்டுப் பணம் அந்த வரிகளில் ஒன்றையும் எழுதவில்லை. ஆனால் அந்தப் பணம் பிற்பாடு நிறுவனத்தைப் பெரிய வெற்றிகளை நோக்கி இழுத்தபோது, கம்பெனி ஃப்ளோவின் பாடகர் எல்-பி விலகி 'டெஃபினிடிவ் ஜக்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ராக்கஸைத் தம் பாட்டிலேயே காது கூசும்படி ஏசவும் செய்தார். 2009இல் 'ஃபன்க்ரஷர் பிளஸ்' மறுபடி வெளியானபோது அதை வெளியிட்டது அவருடைய நிறுவனம்தான். என்னைக் கேட்டால், சுதந்திரம் என்று பேசுவதற்கு ஏதாவது பொருள் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது: பதிவின் உரிமை கடைசியில் யார் கையில் என்பதில்.

கேள்வி: அசலா போலியா என்ற இந்தச் சண்டை எப்போது தொடங்கியது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதல் பெரிய ராப் இசைத்தட்டிலேயே தொடங்கிவிட்டது. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கருதப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் டி.ஜே. கூல் ஹெர்க் தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றிய நாள் அது. அடுத்த ஆறு ஆண்டுகள் இந்தக் கலை விருந்துகளிலும் பூங்காக்களிலும் கைமாறிய ஒலிநாடாக்களிலுமே வாழ்ந்தது. 1979இல் நியூஜெர்சியின் ஷுகர் ஹில் நிறுவனம் 'ராப்பர்ஸ் டிலைட்' பாடலை வெளியிட்டு நாடெங்கும் விற்றது. பாடிய மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க் அப்போது ஒரு பீட்ஸா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பாடிய வரிகள் பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதி வைத்திருந்தவை. பெயரைக்கூட மாற்றவில்லை என்பதுதான் கூத்து: காஸின் மேடைப்பெயரான 'கேசனோவா ஃப்ளை' என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தம்மையே அறிமுகப்படுத்திக்கொள்வதுபோல் ஹேங்க் பாடிவிட்டுப் போகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அதே பாட்டின் தாளக்கட்டு ஷீக் என்ற டிஸ்கோ இசைக்குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அக்குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்துத் தங்கள் பெயரைப் பாடலாசிரியர் பட்டியலில் சேர்க்கவைத்தார்கள். காஸிடம் இருந்தது ஒரு நோட்டுப்புத்தகம்தான். அவருக்குப் பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. பிறர் வரியைத் தன்னுடையதாகப் பாடுவதை அண்டர்கிரவுண்ட் வட்டாரம் 'பைட்டிங்' என்று சொல்லி இன்றுவரை மன்னிக்காமல் இருக்கிறது என்றால், அதற்கு இப்படிப்பட்ட அனுபவம் பின்னால் இருக்கிறது.

கேள்வி: கெட்ட வார்த்தையும் துப்பாக்கியும் இல்லாத ராப், அசல் ராப் ஆகுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தாராளமாக ஆகும். தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 'குட் லைஃப்' என்ற இயற்கை உணவுக் கடை 1989இன் கடைசியில் வியாழக்கிழமை தோறும் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்று மேடையைத் திறந்துவிட்டது. விதி ஒன்றே: மேடையில் வசைச்சொல் கூடாது. சரக்கு இல்லாதவர் ஏறினால் கூட்டமே சேர்ந்து 'மைக்கைக் கொடுத்துவிடுங்கள்' என்று ராகம் போட்டுச் சொல்லும். அவர் இறங்க வேண்டியதுதான். வசையை வைத்து எதுகையை நிரப்பும் வசதி போனதால் பாடகர்கள் வேகத்திலும் சொல்லடுக்கிலும் புகுந்து விளையாட வேண்டியிருந்தது. ஃப்ரீஸ்டைல் ஃபெலோஷிப் குழு அங்கிருந்து வந்ததுதான். பின்னாளில் திரைப்பட இயக்குநரான ஏவா டுவெர்னே அந்த மேடையில் ராப் பாடியவர். அந்தக் கடையைப் பற்றி 2008இல் ஆவணப்படமும் எடுத்தார்.

கேள்வி: முகமூடி அணிந்தே பாடிய ராப் கலைஞர் எம்.எஃப். டூம் தமக்குப் பதிலாக வேறு ஆளுக்கு முகமூடி மாட்டி மேடைக்கு அனுப்பினாராமே? அது மோசடி இல்லையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அனுப்பினார். முகமூடி அணிந்தவர் ஒரு கதாபாத்திரம், அதை யார் ஏற்று நடிப்பது என்பதைப் படைத்தவரே முடிவுசெய்வார் என்கிற தோரணையில் அதற்கு விளக்கமும் சொன்னார். அவருடைய முன்கதை எனக்குத் தெரியாமல் இல்லை: 1993இல் உடன்பாடிய தம்பி இறந்தார், அடுத்த ஆண்டு எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது, சில ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் நுயோரிகன் கவிஞர் கஃபேயில் முகத்தில் காலுறையைப் போர்த்திக்கொண்டு மீண்டும் மேடையேறினார். முகத்தைச் சரக்காக்கும் தொழிலுக்கு அவர் சொன்ன மறுப்பு அந்த முகமூடி. ஆனாலும் அந்தத் தத்துவத்துக்கான செலவை, அவர் பாடுவார் என்று நம்பி நுழைவுச்சீட்டு வாங்கிய ரசிகன் தலையில் கட்டியது நியாயமில்லை. பதிவில் டூம் அசல். அந்த இரவுகளில் ரசிகன் ஏமாற்றப்பட்டான்.

கேள்வி: பாடுகிற வாழ்க்கையை வாழ்ந்திருக்க வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: சொந்தக் கதை என்று சொல்லி விற்றால், வேண்டும். போதைக் கடத்தலைப் பாடிய ரிக் ராஸ் முன்பு சிறைக்காவலராக வேலை பார்த்தவர் என்பது 2008இல் ஆவணங்களோடு வெளியானது. முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு வந்த அவரது ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சந்தைக்கு இதில் அக்கறை இல்லை.

கேள்வி: எந்த நிறுவனத்திலும் சேராத சான்ஸ் த ராப்பர் உண்மையிலேயே சுயேச்சையானவரா? (வாசகர், திருச்சி)

பதில்: பெரும்பாலும் ஆம். 2016 மே மாதம் வந்த 'கலரிங் புக்' ஆல்பத்தை இரண்டு வாரம் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ள ஆப்பிள் 5 லட்சம் டாலர் கொடுத்தது. அது முடிந்ததும் மற்ற தளங்களிலும் ஆல்பம் கிடைத்தது. வாழ்நாள் உரிமையை எழுதிக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது சில நாள் வாடகைதான். விலைபோய்விட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தொகையை அவர் வெளியே சொன்னது 2017 மார்ச்சில், கிராமி விருதுகளை வாங்கிய பிறகு. ஆல்பம் வந்த அன்றே சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியே இருந்திருக்காது.