சென்னையில் பிளஸ் டூ படிக்கும் மகளுக்குச் சட்டம் படிக்க ஆசை. கிளாட் (CLAT) என்ற தேசிய சட்ட நுழைவுத் தேர்வை எழுதியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. சென்னையிலேயே இருக்கும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியிலும், அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், அதைப் பலர் கவனிப்பதில்லை. பாரிமுனையில் இருந்த பழைய சட்டக் கல்லூரி இப்போது புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குத்தான் கிளாட் வேண்டும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு.

கிளாட்டில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.25 மதிப்பெண் போகும். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள், அதைச் சம்பவத்துக்குப் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். கணக்கும் பத்தாம் வகுப்பு அளவுதான். உண்மையான சிக்கல் வாசிப்பு வேகம். முழுத் தேர்வும் நீளமான ஆங்கிலப் பத்திகளாகவே வரும். அதனால் தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, அதன் வாதம் என்ன என்று இரண்டு வரியில் தமிழிலாவது எழுதச் சொல்லுங்கள். நடப்பு நிகழ்வுகளும் அதிலேயே பாதி வந்துவிடும்.

கோச்சிங்கா? ஆங்கிலம் சரளமாக வாசிப்பவளென்றால் பழைய வினாத்தாள்களும் மாதிரித் தேர்வுகளும் போதும் என்பேன். தேர்வு பெரும்பாலும் டிசம்பரில் வருவதால், பொதுத்தேர்வோடு மோதாது. அப்புறம், கிளாட் எப்படிப் போனாலும் மே மாதவாக்கில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்துவிடுங்கள்.