சாய்வெயிலில் தெரியும் எழுத்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற வாரம் நான்கு நாள் வெளியூர், ஒரு பள்ளி விழா, இரண்டு கட்டுரை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து மலைத்துப்போனேன். பணி ஓய்வு பெற்றவர் இத்தனை அலைந்தால் உடம்பு தாங்குமா? இதற்கு நடுவே எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது? என் அப்பாவும் தலைமையாசிரியராக இருந்து சென்ற மே மாதம் ஓய்வு பெற்றவர்தான். அதன்பின் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. நாளிதழை இரண்டு முறை படிக்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. உங்களைக் காட்டி அவரிடம் ஏதாவது சொல்ல நினைக்கிறேன். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாரத்தைச் சொன்னால்தான் அதற்கு வர முடியும்.

நான் 33 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்கள் மீது, அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு எடுத்த நினைவுக்கற்கள் மீது, இளமையிலேயே பற்று உண்டு. ஆனால் உச்சிவெயிலில் நடுகல் எழுத்தைப் படிக்க இயலாது. வெளிச்சம் முழுதாக இறங்கிவிட்டால் கல் ஒரே நிறமாகிவிடும். வெயில் சாய்ந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு வரும்போதுதான் உளிபட்ட பள்ளங்களில் நிழல் தங்கி, எழுத்து மேலெழுந்து வரும். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் 33 ஆண்டுகள் பள்ளிக்கு உரியதாக இருந்தது. இன்று அது என்னுடையது. நான் அலைவதாக உங்களுக்குத் தோன்றுவது, அந்த நேரத்தைத் தவறவிட மனம் வராமல் கிளம்பிவிடுவதுதான்.

திங்கட்கிழமை அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இலக்கிய மன்ற விழா. ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பேசி முடித்ததும், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “அவர் நிஜமாவே இருந்தாரா ஐயா?” என்று கேட்டாள். திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லி, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்ற வரியைக் கரும்பலகையில் எழுதினேன். சத்தியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். ‘அஞ்சி’ என்ற பெயரை வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசித்தது. அசோகன் தன் கல்வெட்டில் சத்தியபுத்திரர் என்று குறிப்பிடுவதும் இவர்கள் மரபைத்தான் என்றபோது அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த மலர்ச்சி, வீடு திரும்பும் வரை என்னுடன் இருந்தது.

செவ்வாயும் புதனும் அரூர்ப் பக்கம். பழைய மாணவர் ஒருவர் தம் நிலத்து வேப்பமரத்தடியில் எழுத்துள்ள கல் இருப்பதாகச் சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் அல்லவா, இதுவும் வேடியப்பன்தான். வலக்கையில் குறுவாளும் இடக்கையில் வில்லுமாக வீரன் நிற்கிறான். தலைக்கு மேலே நான்கு வரி வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து; அதன்மேல் பல தலைமுறையின் எண்ணெயும் மஞ்சளும். துடைக்க எனக்கு உரிமை இல்லை. பூசை செய்யும் மூதாட்டியிடம் கேட்டேன். அவரே ஈரத்துணியால், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல், மெல்லத் துடைத்துக் கொடுத்தார்.

மாலை ஐந்தரைக்கு எழுத்து தெரிந்தது. வட்டெழுத்தில் ப-வும் வ-வும் மயங்கும், புள்ளியும் பல இடங்களில் இராது. இறந்தவனின் கல் என்று பொருள்படும் ‘பட்டான் கல்’ அப்போது ‘படடானகல’ என்றுதான் கண்ணில் படும். ‘தொறு மீட்டு’ என்ற இடம் தெளிவாக இருந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கும் சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த கல் இது. அவன் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. மறுநாள் காலையும் போய்ப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வருத்தத்தோடு மூதாட்டியிடம் சொன்னேன். “பேரு போனா என்ன சார், மாட்டுக்காக உசுர விட்டவன்னு நீங்க படிச்சிட்டீங்களே. எங்க மாட்டுக்கு நோவு வந்தா இவன்கிட்டதான வர்றோம்” என்றார். எழுத்தைப் படிக்காமலே இத்தனை காலம் அவர்கள் அந்தச் செய்தியைக் காத்து வந்திருக்கிறார்கள்.

கட்டுரைகளில் ஒன்று அதைப் பற்றியது. பார்த்த அன்றிரவே எழுதிவிடுவது என் வழக்கம். ஒருமுறை நான்கு நாள் தள்ளிப்போட்டதில், வீரனின் கையில் இருந்தது வில்லா கேடயமா என்று ஐயம் வந்து, அதற்காகவே மீண்டும் அறுபது கிலோமீட்டர் போக வேண்டியதாயிற்று. வெள்ளியன்று கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சனியும் ஞாயிறும் வீட்டில் எழுத்து வேலை. உடம்பு தாங்குகிறது, அம்மா. கேழ்வரகுக் களியும் மதியம் ஒரு மணி நேரத் தூக்கமும் போதுமானதாக இருக்கின்றன.

இனி உங்கள் அப்பா. என்னைக் காட்டி அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஓய்வு பெற்ற முதல் ஆண்டு நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது இன்னொருவரைக் காட்டிச் சொல்லியிருந்தால் மனம் நொந்திருப்பேன். தலைமையாசிரியராக இருந்தவரிடம் காலை முதல் மாலை வரை பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். இப்போது ‘சாப்பிட வாங்க’ என்பதைத் தவிர அவரிடம் பேச யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். பழைய மாணவர் ஒருவர் வந்து, ‘எங்க நிலத்துக் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க ஐயா’ என்று கேட்ட நாளில்தான் நான் எழுந்தேன்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே தென்பெண்ணைக் கரையில் பெண்ணேஸ்வரமடம் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில், நடுகற்களும் உண்டு. ஒரு மாலை அவரை அழைத்துப் போய், ஏதாவது ஒரு வரியைக் காட்டி, உங்களுக்காகப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். அவர் எந்தப் பாடம் நடத்தினார் என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் நடத்தியவராக இருந்தாலும் அதில் வரும் நில அளவுகளும் காசுக் கணக்கும் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

அவர் சம்மதித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறேன். தேய்ந்த இடங்களில் இன்னொரு ஆசிரியரின் கண் எனக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது.