பங்கு மலரில் கிராதிக்கு இடம் உண்டா?

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் ஒரு சின்ன கத்தோலிக்கப் பங்கு. தனிப் பங்காக ஆகி அடுத்த ஆண்டோடு நூறு ஆண்டு நிறைகிறது. நூற்றாண்டு மலர்க் குழுவில் என்னையும் சேர்த்து, பங்கு வரலாறு எழுதும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது பங்குத்தந்தையர் பட்டியல், கோவில் கட்டிய ஆண்டு, கோபுரம் எழுப்பிய ஆண்டு, கெபி (மாதா குகை), பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம். எல்லாம் சேர்த்தாலும் நாலு பக்கம் தேறாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் பழைய கோவிலுக்குள் மரக் கிராதி (தடுப்பு) ஒன்று இருந்ததாம். எங்கள் தெருக்காரர்கள் தெற்கு வாசல் வழியாக வந்து கிராதிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கவும் கடைசியாகத்தான் போக வேண்டும் என்று என் பாட்டி சொல்வார். அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது, நினைவு தெளிவாக இருக்கிறது. இதைக் குழுவில் சொன்னேன். "விழா நேரத்துல பழைய புண்ணக் கிளற வேண்டாமேப்பா" என்றார்கள். சொன்னவர்கள் நல்லவர்கள்தான், என்னோடு நன்றாகப் பழகுகிறவர்கள். பங்கின் வளர்ச்சியைச் சொல்லும் மலரில் இதைச் சேர்ப்பது முறையா? நீங்கள் வடக்கன்குளத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

சேர்க்க வேண்டும் என்பதுதான் என் பதில். விழா மலர் என்பதால் இன்னும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பங்கு வளர்ந்தது என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எப்போது, எப்படி இந்தப் பக்கம் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் என்ன வளர்ச்சியை எழுத முடியும்? கோபுரத்தின் உயரத்தைக் கொத்தனாரும் சொல்லிவிடுவார்.

வடக்கன்குளத்தைக் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். கடற்கரையில் பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். உள்நாட்டுக் கிராமங்களின் கதை வேறு, அது சேசு சபைக் குருக்கள் நடத்திய மதுரை மிஷனோடு சேர்ந்தது. சாந்தாயி என்ற நாடார் பெண் 1680 வாக்கில் தன் பிள்ளைகளோடு வந்து குடியேறியதில்தான் அந்த ஊர்க் கிறிஸ்தவம் தொடங்குகிறது என்பது ஊர் மரபு. 1685-ல் ஒரு சிறு கோவில் எழுந்தது, அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் டி பிரிட்டோவின் காலம் அது. ஒரு பங்கின் முதல் பக்கத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் அப்படி ஒரு பெண்ணாவது இருக்கிறாரா?

அறுபது ஆண்டு கழித்து, 1745 மே 14 அன்று, நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் இங்கே வந்து ஞானஸ்நானம் பெற்றார். குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய்தான் அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர். திருவிதாங்கூருக்குள் ஞானஸ்நானம் கொடுப்பது ஆபத்து என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் வடக்கன்குளத்தில் இருந்த புத்தாரி சுவாமிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். லாசரஸ் என்பதன் தமிழாகத் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவி ஞானப்பூ அம்மாள் பிறகு வடக்கன்குளத்தில்தான் வாழ்ந்தார், கல்லறையும் அங்கேதான். சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லாரோடும் தேவசகாயம் பழகியதும் சாப்பிட்டதும் அன்று பலருக்குப் பொறுக்கவில்லை. 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பல ஆண்டுகளாகச் சேர்ந்தே சொல்லப்பட்டுவந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை ரோம் நீக்கியது. அது தேவைதானா என்று அப்போது சிலர் கேட்டார்கள். எனக்கு அது மிகவும் சரியான முடிவாகப் பட்டது.

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார்: ஞானப்பிரகாசம் என்ற உபதேசியார். தேவசகாயத்துக்கு ஜெபமும் மறைக்கல்வியும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், ஞானத்தந்தையாக நின்றவரும் அவரே. அந்தக் காலத்தில் ஒரு சாமியாரின் பொறுப்பில் பல நாள் நடைத் தூரம் வரை கோவில்கள் இருந்தன. சாமியார் வந்துபோகிற நாள் சில, மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்வது, சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாணப் பேச்சில் உட்கார்வது, அடக்கத்துக்கு முன்னால் நடப்பது எல்லாம் அவர் வேலை. திருத்தந்தை 14-ம் கிளமென்ட் 1773-ல் சேசு சபையைக் கலைத்தபோது உள்நாட்டுப் பங்குகள் பலவற்றுக்குச் சாமியாரே இல்லாமல் போனது. கோவாவிலிருந்து வந்த சில குருக்களால் எத்தனை ஊர்களைப் பார்த்துக்கொள்ள முடியும்? 1830களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபையினர் திரும்பி வருகிறவரை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இந்த ஊர்களில் ஜெபம் நின்றுபோகாமல் காத்தவர்கள் உபதேசியார்கள்தான். பங்குத்தந்தையர் பட்டியலில் அந்த அறுபது ஆண்டுகள் வெற்றிடமாகத்தான் தெரியும்.

சரி, உங்கள் ஊர்க் கிராதிபோல வடக்கன்குளம் கோவிலுக்குள் இருந்த சுவருக்கு வருகிறேன். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே பங்கில், 127 ஆண்டு கழித்து, 1872-ல் ஒரு பெரிய கோவில் எழுந்தது. வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் நாடார் கிறிஸ்தவர்களும் ஒரே கூடத்தில் பூசை காண்பதில்லை என்ற நிலை முற்றியபோது கண்டுபிடித்த வழி அது. பீடம் ஒன்றுதான். அந்தப் பீடத்திலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால் போல, விலகி விலகிப் போகும். ஒன்றில் இவர்கள், மற்றதில் அவர்கள், இடையில் சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இரண்டு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்ணும் பூசைக்கு இப்படி ஒரு கட்டடத்தை வரைந்து, அஸ்திவாரம் தோண்டி, செங்கல் அடுக்கி, மந்திரித்துத் திறந்திருக்கிறார்கள். எத்தனை பேர் கூடிப் பேசி, எத்தனை பேர் பணம் போட்டிருந்தால் இது நடந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

பழியை ஊர்க்காரர்கள் மேல் மட்டும் போடவும் முடியாது. மிஷனே இதற்கு வழி போட்டுக் கொடுத்திருந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி பிராமண சன்னியாசிபோல வாழ்ந்தார். 1640களில் மற்ற சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். சாதி என்பது வெறும் உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாது என்று அன்று நினைத்தார்கள். அந்த நினைப்பு மெல்ல மெல்லக் கோவிலுக்குள் வந்து, இருக்கையாக, வாசலாக, நன்மை வாங்கும் வரிசையாக, சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகலாம் என்ற சண்டையாக ஆனது. உங்கள் ஊர்க் கிராதிக்கும் பூர்வீகம் இதுதான்.

வடக்கன்குளத்துச் சுவரை 1910-ல் கௌசானல் சுவாமி இடித்தார். பிரெஞ்சுக்காரர், பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர்கள் சபையை 1903-ல் தொடங்கியவர். சுவர் போனதும் வெள்ளாளத் தரப்பார் ஆயர் பார்த் மீது வழக்குப் போட்டார்கள். தங்களுக்குத் தனி இடம் உரிமை, மற்றவர் வந்தால் தீட்டு என்பது வாதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1917-ம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் மைக்கேல் பிள்ளை வழக்கு என்று இன்றும் எடுத்துப் படிக்கலாம். கிறிஸ்தவ விசுவாசத்தை ஏற்றுக்கொண்டபோதே தீட்டு என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டீர்கள், அந்த விசுவாசத்தில் தீட்டுக்கு இடமே இல்லை என்பது நீதிமன்றம் சொன்னதன் சாரம். மேடையில் கேட்டிருக்க வேண்டிய பிரசங்கத்தை நீதிமன்றத்தில் கேட்கும்படி ஆனது.

இத்தனையும் எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, பேசப்படுகிறது. வடக்கன்குளம் பங்கு அதனால் சின்னதாகிவிடவில்லை. திருக்குடும்ப ஆலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது. பேசினால் பங்கு உடைந்துவிடும் என்று உங்கள் குழுவினர் பயப்பட்டால் இந்த ஊரைக் காட்டுங்கள். பேசாமல் மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரைக் காட்டுங்கள். தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதில் 2008 மார்ச்சில் அங்கே கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். எல்லாரும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். நம் காலத்தில் நடந்தது இது. பழைய புண் என்று உங்கள் குழுவினர் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் புத்தகங்கள் இருக்கும். பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கி, முதல் புத்தகத்திலிருந்து பொறுமையாகப் பாருங்கள். பழையவை லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தாய் தந்தை பெயர், ஞானப் பெற்றோர் பெயர், கொடுத்த குருவின் கையெழுத்து என்று ஒரே ஒழுங்குதான் திரும்பத் திரும்ப வரும். நாலு பக்கம் புரட்டினால் பழகிவிடும். சில புத்தகங்களில் சாதியும் எழுதியிருப்பார்கள். ஞானப் பெற்றோர் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தெருக் குழந்தைக்கு இன்னொரு தெருக்காரர் முதன்முதலாக ஞானத்தாயாக நின்றது எந்த ஆண்டு? அந்த ஆண்டு கோபுரம் எழுப்பிய ஆண்டைவிடப் பெரிய ஆண்டு. மலரில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பக்கத்தின் ஓரத்தையும் விடாதீர்கள். 1908-க்குப் பிறகு, ஒருவருக்கு எந்த ஊரில் திருமணம் நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அதை அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் குறிப்புகளை வரிசையாகப் படித்தாலே உங்கள் ஊர் ஆட்கள் பிழைப்புக்காக எங்கெங்கே போனார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரு காலத்தில் கொழும்பாக இருக்கலாம், அப்புறம் மதுரை, சென்னை, மும்பை. இறப்புப் புத்தகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். காலரா வந்த ஆண்டு எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, ஒரே மாதத்தில் பக்கங்கள் நிறைந்திருக்கும். வாழ்கிறவர்களின் விவரம் எதையும் மலரில் போட வேண்டாம். மறைந்தவர்கள் விஷயத்திலும் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் உபதேசியார்கள், கோவில்பிள்ளைகள் (கோவில் பணியாளர்கள்), கோவில் கட்டும்போது கல் சுமந்த பெண்கள், தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி) கொடுக்க முடியாமல் கூலி வேலையாகச் செய்து கழித்தவர்கள். இவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது, வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில் (பங்கின் சிறு குடும்பக் குழுக்களில்) கேட்டால் நிறையப் பேர் சொல்வார்கள்.

உங்கள் பாட்டியிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, அவர் சொல்கிறபடியே, அவருடைய பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கிராதி எந்த மரம், எவ்வளவு உயரம், தெற்கு வாசலில் படி இருந்ததா, நன்மை வாங்கப் போகும்போது யார் காத்திருக்கச் சொல்வார்கள், கிராதியை எடுத்தது எந்தச் சாமியார் காலம், எடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்கார்ந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிந்தால் மற்ற தெருவிலிருந்தும் அதே வயதில் ஒருவரைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று அவர்களும் சொல்லட்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கமாக அச்சிடலாம். யார் குடும்பத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

எழுதியதை அச்சுக்குப் போகும் முன்பு குழுவினருக்கும் பங்குப் பேரவைக்கும் வாசித்துக் காட்டுங்கள். "கிளற வேண்டாம்" என்று சொன்ன பெரியவரிடமே முதலில் கொடுங்கள். பாட்டியின் பேச்சை முழுதாகப் படித்த பிறகு அவர் மனம் மாறக்கூடும் என்றே நினைக்கிறேன். அப்படியும் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து பேசுகிறேன்.

அன்புடன்.