அரிஷ்டம் குடித்துவிட்டு வண்டி எடுத்தால் மெஷின் காட்டுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு மதுப்பழக்கம் கிடையாது. செரிமானத்துக்காக இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 30 மில்லி அரிஷ்டம் குடிப்பேன். அன்று குடித்த கையோடு பைக்கில் கிளம்பினேன். வழியில் போலீஸ் செக்கிங். ஊதச் சொன்னார்கள், மெஷினில் 40-க்கு மேல் காட்டியது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஓரமாக உட்கார வைத்து, சற்று நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். இந்த முறை 4-தான் வந்தது, அனுப்பிவிட்டார்கள். மெஷினை எப்படி நம்புவது? அடுத்த முறை ஊத மறுத்துவிட்டு, நேராக ரத்தப் பரிசோதனை கேட்கலாமா?"

மறுக்க மட்டும் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், உங்களுக்கு வந்த 40, 4 இரண்டுமே மெஷினின் கோளாறு அல்ல என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

குடித்த மது வயிறு, குடல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகி மூச்சுக்காற்றில் சேர்கிறது. ஏறக்குறைய 2,100 மில்லி மூச்சுக்காற்றில் இருக்கும் ஆல்கஹால், 1 மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற கணக்கில்தான் இந்தக் கருவிகள் வேலை செய்கின்றன. கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது ஃபியூயல் செல். அதிலுள்ள பிளாட்டினம் தகட்டில் ஆல்கஹால் பட்டால் வேதிமாற்றம் நடந்து சிறு மின்சாரம் உண்டாகும். ஆல்கஹால் கூடினால் மின்சாரமும் கூடும். அதைத்தான் மெஷின், 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம்.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் காற்று நுரையீரலின் ஆழத்திலிருந்து வர வேண்டும். உங்கள் விஷயத்தில் அங்கேதான் சிக்கல். அரிஷ்டம் புளிக்க வைத்துத் தயாராவது. அதில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். குடித்த உடனே ஊதினால் வாயிலும் தொண்டையிலும் ஒட்டியிருக்கும் ஆவியும் சேர்ந்து வரும். அதையும் ரத்தத்திலிருந்து வந்ததாகவே மெஷின் எடுத்துக்கொள்ளும். மவுத்வாஷ், ஹோமியோபதி சொட்டு மருந்து, ஆல்கஹால் கலந்த இருமல் டானிக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆனால் வாயில் தங்கும் ஆவி 15 முதல் 20 நிமிடத்தில் போய்விடும். 30 மில்லி அரிஷ்டத்தில் அதிகபட்சம் இரண்டரை கிராம் ஆல்கஹால்தான் இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஆணின் 100 மில்லி ரத்தத்தில் அது 5 மில்லிகிராமைத் தாண்டுவதே கஷ்டம். உங்களுக்கு இரண்டாவது முறை 4 வந்ததும் அதனால்தான்.

அடுத்த முறை நிறுத்தினால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "இப்போதுதான் அரிஷ்டம் குடித்தேன், கால் மணி நேரம் கழித்து ஊதுகிறேன்." வாதாடுகிற குரலில் வேண்டாம். அந்த நேரத்தில் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், புகைக்காமல் இருங்கள். ஏற்கனவே ஊதி எண் வந்துவிட்டதா? அப்போதும் மறுபடி ஊதுகிறேன் என்று கேட்கலாம். 203-வது பிரிவே "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" மூச்சு மாதிரிகள் என்றுதான் பேசுகிறது. புது ஸ்ட்ரா போடச் சொல்லுங்கள், ஊதும் முன் திரை பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே சீராக, நிறுத்தச் சொல்லும்வரை ஊதுங்கள். மூச்சை அடக்கி வைத்திருந்துவிட்டு ஊதினால் அளவு கூடுதலாகக் காட்டலாம். விட்டுவிட்டு ஊதினால் மெஷின் மாதிரியையே ஏற்காது. ஒத்துழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கும். அச்சாகி வரும் சீட்டில் தேதி, நேரம், அளவு மூன்றையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சீட்டை அந்த இடத்திலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சரி, ஏன் மறுக்கக் கூடாது? குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஊத மறுப்பவரை வாரன்ட் இல்லாமலே கைது செய்ய 203-வது பிரிவு சீருடையில் இருக்கும் போலீஸாருக்கு அதிகாரம் தருகிறது. அப்புறம் 205-வது பிரிவு. தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே நீதிமன்றம் அரசுத் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். குடிக்காத ஒருவர், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சான்றைத் தானே தூக்கி எறிந்ததாக ஆகிவிடும்.

ரத்தப் பரிசோதனை 204-வது பிரிவில் வருகிறது. கைது செய்யப்பட்டவரிடம் ரத்த மாதிரி கேட்கும் அதிகாரமாகத்தான் சட்டம் அதை எழுதியிருக்கிறது, ஓட்டுநரின் உரிமையாக அல்ல. ஆனாலும் மெஷின் அளவு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் கேளுங்கள், கேட்டதைப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். 185-ல் கைது என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்; இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். இது 202-வது பிரிவு. பெண்ணாக இருந்து, ஆண் மருத்துவர் ரத்தம் எடுக்கிறார் என்றால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும்.

குடிப்பவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். 30 மில்லிகிராம் மிகக் குறைந்த அளவு. 70 கிலோ ஆண் ஒருவர் 60 மில்லி விஸ்கி குடித்தாலே ரத்தத்தில் ஏறக்குறைய 40 வந்துவிடும். ஒரு குவார்ட்டர் என்றால் 120-ஐத் தாண்டும். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, காபி, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஏலக்காயும் வெற்றிலையும் வாசனையை மறைக்கும், நுரையீரல் காற்றை மாற்றாது. இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்த அந்த 70 கிலோ ஆள் 30-க்குக் கீழே இறங்க விடியற்காலை 5 மணிக்கு மேல் ஆகும். 55 கிலோ ஆணுக்குக் காலை 8 மணி. பெண்களுக்கு இன்னும் நேரமாகும். "தூங்கி எழுந்துவிட்டேன், தெளிந்துவிட்டது" என்று காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

தண்டனை, முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அடுத்த முறை 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். லைசென்ஸும் முடக்கப்படலாம். ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்தே உடன் போகிறவர்கள் மீதும் குற்றத்துக்கு உடந்தை என்று வழக்குப் போடுவோம் எனச் சென்னை போக்குவரத்து போலீஸார் 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

பின்னால் இருப்பவர் குடித்து, ஓட்டுகிற நீங்கள் குடிக்கவில்லை என்றால் 185 உங்கள் மேல் பாயாது. காருக்குள் குடித்தவர்கள் இருக்கும்போது, ஸ்ட்ரா இல்லாமல் முகத்தருகே நீட்டும் சோதனையில் காருக்குள் இருக்கும் காற்றே சிக்கிவிடலாம். வண்டியை விட்டு இறங்கி நின்று, ஸ்ட்ரா போட்டு ஊதுகிறேன் என்று கேளுங்கள்.