நிரம்பி ஓடும் இண்டிகேட்டர்: கோளாறு ஐசியில் இல்லை

கேள்வி: என் காரின் பின்பக்க இண்டிகேட்டர் உள்ளிருந்து வெளிப்புறமாக வரிசை வரிசையாக எரிந்து நிரம்ப வேண்டும் என்று, துடிப்பு தரும் 555, அந்தத் துடிப்புகளை எண்ணும் 4017 ஆகிய ஐசிகளை (சில்லுகளை) கொண்டு நான்கு எல்இடி வரிசைகளை நானே அமைத்தேன். ஆனால் அடுத்த வரிசை எரிந்ததும் முந்தையது அணைந்துவிடுகிறது. சில வேளைகளில் நடுவிலிருந்து தொடங்குகிறது. டேஷ்போர்டில் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலியும் இருமடங்கு வேகமாகிவிட்டது. 4017-ஐ இருமுறை மாற்றிவிட்டேன். விற்பவரோ, ரெடிமேட் மாட்யூல் வாங்கினால் எல்லாம் தீரும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் மாற்றிய இரண்டு ஐசிகளுமே நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். 4017 ஒரு நேரத்தில் ஒரே ஒரு வெளியீட்டுக்குத்தான் மின்னழுத்தம் தரும். அடுத்ததற்கு நகர்ந்ததும் முந்தையதைக் கைவிட்டுவிடும். ஓடும் புள்ளிக்கு அது பொருந்தும், நிரம்பும் பட்டைக்குப் பொருந்தாது. ஆனாலும் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. முதல் வரிசையை 4017-இன் 3, 2, 4, 7 ஆகிய நான்கு பின்களோடும் (கால்களோடும்), இரண்டாவதை 2, 4, 7 ஆகியவற்றோடும், மூன்றாவதை 4, 7 ஆகியவற்றோடும், ஒவ்வொரு இணைப்பிலும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4148 டையோடு ஒன்றை வைத்து இணையுங்கள். நான்காவது வரிசைக்கு 7-ஆம் பின் மட்டும் போதும். மொத்தம் ஒன்பது டையோடுகள். 7-ஆம் பின்னையே 13-ஆம் பின்னோடும் இணைத்துவிட்டால், நான்கும் எரிந்தபின் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். இந்த இணைப்புகள் எல்இடிகளுக்கு நேரடியாகச் செல்லக் கூடாது. வரிசைக்கு ஒன்றாக, மின் சுவிட்சாக இயங்கும் 2என்7000 மாஸ்ஃபெட்டின் ‘கேட்’ என்ற உள்ளீட்டுக்குச் செல்ல வேண்டும், அந்த கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் இருக்க வேண்டும்.

நடுவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் சப்ளையின் குறுக்கே இருக்கும் 1000 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர். இண்டிகேட்டர் வயரில் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அணைந்திருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு வினாடியில் இவ்வளவு பெரிய கபாசிட்டர் காலியாவதில்லை என்பதால், 4017 பழைய எண்ணிக்கையை மறக்காமல் அங்கிருந்தே தொடர்கிறது. அதை 10 மைக்ரோ ஃபாரட்டாகக் குறைத்து, குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பிறகு 15-ஆம் பின்னிலிருந்து பாசிட்டிவுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரும், கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைத்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும்.

555-க்கு 10 கிலோ ஓம், 27 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் 1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டரும் வைத்தால் ஏறத்தாழ 150 மில்லி வினாடியில் நான்கு வரிசைகளும் எரிந்துவிடும். இந்த வேகம் அழகுக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 6-ஆம் ஒழுங்குவிதி, வரிசையாக எரியும் இண்டிகேட்டர் 200 மில்லி வினாடிக்குள் முழுதும் எரிந்துவிட வேண்டும், எரிந்த எதுவும் இடையில் அணையக் கூடாது என்கிறது. உங்கள் ஓடும் புள்ளி அந்த விதிக்கும் ஒத்துவந்திருக்காது.

‘பன்னிரண்டு வோல்ட் கார்’ என்ற சொல்லை நம்பி ரெசிஸ்டரைக் கணக்கிடுவது பலரும் விழும் குழி. என்ஜின் ஓடும்போது வயரில் 14.4 வோல்ட் வரை இருக்கும். மூன்று அம்பர் எல்இடிகளுக்கு 6.3 வோல்ட், பாதுகாப்பு டையோடுக்கு 0.7 வோல்ட் போக, 12 வோல்ட் கணக்கில் 20 மில்லி ஆம்பியருக்கு 250 ஓம் வரும். அதே ரெசிஸ்டரில் 14.4 வோல்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் பாயும், எல்இடிகள் சூட்டில் கருகும். 390 ஓம், அரை வாட் வைத்துக்கொள்ளுங்கள். ஐசிகளுக்கு 9 வோல்ட் ரெகுலேட்டரும், அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸும், திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் டிவிஎஸ் டையோடும் கட்டாயம்.

இனி அந்த வேகமான ‘டிக் டிக்’. பழைய 21 வாட் பல்பு ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுத்தது; உங்கள் எல்இடிகள் எல்லாம் சேர்ந்து கால் ஆம்பியர்தான் இழுக்கின்றன. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியச் செய்யும் ஃபிளாஷர் ரிலே, பல்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி இப்படி வேகமாக ஒலித்து எச்சரிக்கிறது. இங்கேதான் விற்பவர்கள், பல்பைப் போல மின்சாரம் இழுத்து ரிலேயை ஏமாற்றும் ‘6 ஓம், 50 வாட்’ லோடு ரெசிஸ்டரை உங்கள் தலையில் கட்டுவார்கள். 14.4 வோல்ட்டில் அது எரியும் நேரமெல்லாம் ஏறக்குறைய 35 வாட் சூட்டைக் கக்கும். 50 வாட் என்ற அளவு உலோகத் தகட்டில் இறுக்கி வைத்தால் மட்டுமே பொருந்தும் என்பதை எவரும் சொல்வதில்லை. விளக்கின் பிளாஸ்டிக் கூட்டோடு கேபிள் டை போட்டுக் கட்டப்பட்ட ஒரு ரெசிஸ்டர், தன் உடலிலுள்ள வரிப்பள்ளங்கள் உட்பட, அந்தக் கூட்டில் அச்சாகப் பதிந்திருந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதை வாங்காதீர்கள். எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ரிலே வாங்கி மாற்றுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தனி ரிலே இல்லாமல், பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கணினியே இண்டிகேட்டரை இயக்கும் கார்களில் இந்த யோசனை செல்லாது. ‘டிக் டிக்’ ஒலி கேட்பதாலேயே ரிலே இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பல கார்களில் அது ஸ்பீக்கர் எழுப்பும் ஒலி. கார் கையேட்டின் ஃபியூஸ் பெட்டிப் படத்தில் ஃபிளாஷர் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பல்பு இருக்கிறதா என்று அறிய அந்தக் கணினி அனுப்பும் நுண்ணிய துடிப்புகளே உங்கள் எல்இடிகளைக் காரணமின்றி மினுக்கச் செய்யலாம். ‘டிக் டிக்’ வேகம் குறையவும் செய்யாது. அந்த வகைக் காரில் பல்பு வகை அமைப்பைக் கணினியில் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். முடியாதென்றால் வயரை வெட்டாமல் திட்டத்தைக் கைவிடுங்கள்.

கடைசியாக, ‘அங்கீகாரம் பெற்றது’ என்று மாட்யூலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அங்கீகாரம் முழு விளக்குக்குத்தான் தரப்படுகிறது, உள்ளே செருகும் பலகைக்கு அல்ல. இதே வசதியை உற்பத்தியாளர் உயர்விலை மாடலில் பொருத்தினால் அங்கீகாரம் கிடைக்கிறது. விதியை வரிக்கு வரி பின்பற்றி வீட்டில் செய்பவருக்கு ஒற்றை விளக்கைச் சோதித்துக்கொள்ளப் பெரும்பாலும் வழியே இல்லை. விதிகளும் சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதப்படுவதில்லை. எனக்கு இது ஆண்டுக்கணக்கான எரிச்சல். ஆனால் தகுதிச் சோதனையில் நிற்கப் போவது உங்கள் கார். ஆகவே அசல் விளக்கைத் திறக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். பழைய விளக்குக் கூடு ஒன்றை வாங்கி அதற்குள் இந்தச் சர்க்யூட்டை அமைத்து, அசல் கனெக்டரிலேயே செருகும்படி செய்துகொண்டால், வேண்டும்போது பத்து நிமிடத்தில் அசலைத் திரும்ப மாட்டிவிடலாம்.