கோழிக்கு ஆன்டிபயாடிக் போட்டால் நமக்கென்ன, சமைத்தால் எல்லாம் செத்துவிடாதா?

பாதி சரி. நன்றாக வெந்த குழம்பில் கிருமி பிழைக்காது. ஆனால் பண்ணையிலிருந்து வெளியே வருவது கறி மட்டுமா?

என் மைத்துனர் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறார். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்கிவிடும். கொட்டகையும் பாடும் இவருடையவை. ஒரு பேட்ச் கோழி லாரி ஏறியதும் எருவுக்குத் தோட்டக்காரர்கள் போட்டி போடுவார்கள். அந்த எருவை யாரும் வேகவைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த மருந்துப் பை ஒன்றைப் புரட்டினேன். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக். மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் மருத்துவர்கள் ஒதுக்கிய மருந்து அது. வேறு எதற்கும் மசியாத கிருமிகள் பெருகிய பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிக் கையிருப்பாக அதையே திரும்ப எடுத்தார்கள். இங்கே அது கோழி எடை போடுவதற்குத் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டிருந்தது. கேட்டால், "சத்து மருந்து மச்சான்" என்றார்.

வம்பே அந்தச் சிறு அளவில்தான். நாள்தோறும் கொஞ்சம் கொடுத்தால் நோஞ்சான் கிருமி சாகும். தாக்குப்பிடித்தது காலியான இடத்தில் குடியேறும். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பற்றி அறிவித்தார்கள். பன்றிகளில், பச்சை இறைச்சியில், நோயாளிகளில் என மூன்றிலும் அது இருந்தது. கோலிஸ்டினைச் செல்லாக்காசாக்கும் அந்த மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியா அதை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். கோழிக்குடலில் சாதுவாக இருந்த கிருமிகூட எரு, வாய்க்கால், கொட்டகையில் வேலை செய்பவரின் கை வழியாக வந்து, நம் குடல் கிருமிக்கு அதைக் கொடுத்துவிடலாம். பச்சைக்கறி நறுக்கிய கத்தியைக் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்குவதும் ஒரு வழி.

உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. நல்லது.

அதற்காகக் கோழிக்காரர்களை மட்டும் ஏச எனக்கு வாய் வராது. சளி பிடித்ததும் என் கடைக்கு வந்து, "போன தடவை வாங்கினேனே, அதில் இரண்டு கொடுங்கள்" என்பவர்கள் தினமும் உண்டு. சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. மருத்துவர் சீட்டு வேண்டும் என்று அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைத் தொடக்க காலத்தில் நானும் கத்தரித்துக் கொடுத்தவன்தான். அரைகுறை அளவு என்பதால் அதுவும் தீவனக் கணக்குதான். இப்போது சீட்டு இல்லாமல் தருவதில்லை. ஒரு பெரியவர் எதிர்ச்சாரிக் கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு, இருமல் மிட்டாய்க்கு மட்டும் என்னிடம் வருகிறார்.